சோழவரத்தில் ஓடிய டால்பின்

சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் பின்னர் மோட்டார் பந்தயக் களமாயிற்று. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அங்குப் பந்தயங்களை நடத்தியது. வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பம்பாயிலிருந்து வந்த பியட் என வீதியில் ஓடிய மகிழுந்துகளே களத்திலும் ஓடின.

1980களில் அவற்றோடு சேர்ந்தது சிபானி டால்பின். பெங்களூரில் தயாரான இச்சிறு வண்டி, பிரிட்டனின் ரிலையண்ட் கிட்டனைத் தழுவியது. இதன் எஞ்சின் 848 சி.சி. மட்டுமே, உடலோ கண்ணாடியிழை. விசை மாறாதபோது நிறை குறைந்தால் முடுக்கம் கூடும் என்பது இயற்பியல் விதி. நிறை குறைந்த வண்டியை நிறுத்துகையில் தடைக்கட்டைகளும் குறைவாகவே சூடேறும். இதனால் பந்தய ஓட்டுநர்கள் டால்பினை விரும்பினர்.

குடும்பங்கள் தேடியது வேறு. இரண்டே கதவுகள்; பின்னிருக்கைக்குச் செல்ல முன்னிருக்கையை மடக்க வேண்டும். உலோகமல்லாத உடலின் மீது ஐயமும் இருந்தது. களத்தில் வலிமையாயிருந்த அதே கண்ணாடியிழை சந்தையில் குறையாகிவிட்டது. 1983 டிசம்பரில் நான்கு கதவுகளுடன் மாருதி 800 வந்தது. சிபானியும் பின்னர் நான்கு கதவு மொன்டானாவைக் கொணர்ந்தது. அதற்குள் வாங்குவோர் மாருதியின் பக்கம் சென்றுவிட்டனர்.