அனுமதி பெற்ற சமாதானம், அனுமதி பெறாத சமாதானம்
டிசம்பர் பண்டிகை குறித்துச் சில குறிப்புகள்

1

டிசம்பர் பிறந்துவிட்டால் சமாதானம் என்கிற சொல்லுக்குப் பஞ்சமில்லை. வாழ்த்து அட்டையில் அச்சாகிறது, ஜனாதிபதிகளின் செய்தியில் வருகிறது, கடை விளம்பரத்தில்கூட ஒரு வெள்ளைப் புறா பறக்கிறது. 'எல்லாம் சும்மா சம்பிரதாயம்' என்று ஒதுக்கிவிடுவது நம்மைப் போன்றவர்களுக்குச் சுலபம். மதப் பண்டிகை என்பதால் பகுத்தறிவாளர்களுக்கு ஒரு ஒவ்வாமை. சந்தை அதை விழுங்கிவிட்டது என்பதால் இடதுசாரிகளுக்கு இன்னொரு ஒவ்வாமை. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கடந்த நூற்றுச் சொச்சம் வருஷத்து யுத்தங்களைப் புரட்டிப் பார்த்தால் டிசம்பர் 24, 25 என்கிற தேதிகள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன. சில இடங்களில் துப்பாக்கி நிஜமாகவே நின்றது. சில இடங்களில் நின்றதுபோல் போக்குக் காட்டியது. இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு.

மிகைல் பக்தின் ரபேலே பற்றிய தன் நூலில் களியாட்டத்தை, மேல் கீழாகவும் கீழ் மேலாகவும் புரளும் ஒரு இரண்டாம் வாழ்க்கையாகப் பார்த்தார். இதற்கு எதிராக டெரி ஈகிள்டன் போன்றவர்கள் எழுப்பிய ஆட்சேபமும் பிரசித்தம்: களியாட்டம் என்பது அதிகாரம் கொடுத்த லைசென்ஸ். ஒருநாள் ஆடித் தீர்த்துவிட்டு மறுநாள் ஒழுங்காக வேலைக்கு வா என்பதே அதன் உள்ளர்த்தம். பண்டிகைக் காலச் சமாதானத்தின்மேல் இந்த விவாதத்தைப் பொருத்திப் பார்க்கலாம். யார் அனுமதித்தார்கள்? மறுநாள் என்ன நடந்தது? இந்த இரண்டு கேள்விகளே நமக்குப் போதும்.

2

1914 டிசம்பர் 7ஆம் தேதி போப் பதினைந்தாம் பெனடிக்ட், கிறிஸ்துமஸ் நாளிலாவது பீரங்கிகளை நிறுத்தும்படி போரிடும் அரசுகளைக் கேட்டுக்கொண்டார். அது நடக்கவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்பே பிரிட்டிஷ் இரண்டாம் படையணியின் தளபதி ஸ்மித்-டோரியன் தரப்பிலிருந்து அதிகாரிகளுக்கு ஒரு எச்சரிக்கை போயிருந்தது. எதிரிக்குப் பக்கத்தில் நாள்கணக்கில் கிடக்கும் படைகள் 'நீயும் இரு, நானும் இருக்கிறேன்' என்கிற மனநிலைக்கு வழுக்கிவிடும். எதிரியோடு பேச்சுவார்த்தை, புகையிலைப் பரிமாற்றம் எதுவும் கூடவே கூடாது. தளபதி பயந்தது தன் சொந்தச் சிப்பாயைப் பார்த்துத்தான்.

அதற்காக அரசுகள் பண்டிகையைத் தடுத்துவிடவில்லை. பார்சல் கட்டி அனுப்பிவைத்தன. பிரிட்டிஷ் இளவரசி மேரியின் பெயரில் திரட்டிய நிதியிலிருந்து சிப்பாய்களுக்குப் பித்தளைப் பெட்டிகள் போயின: புகையிலை, சிகரெட், வாழ்த்து அட்டை, இளவரசியின் படம். சீக்கியச் சிப்பாய்களுக்குப் புகையிலைக்குப் பதில் கல்கண்டும் மசாலாப் பொருள்களும். யாருக்கு எது ஆகாது என்று ஏகாதிபத்தியம் எவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்துவைத்திருந்தது பாருங்கள். பித்தளைக்குத் தட்டுப்பாடு, காரணம், வெடிமருந்துத் தொழிற்சாலைகளுக்கும் அதே பித்தளை வேண்டும். ஜெர்மானிய அரசு தன் பங்குக்குச் சிறிய கிறிஸ்துமஸ் மரங்களைப் போர்முனைக்கு அனுப்பியது. இதுதான் அனுமதி பெற்ற பண்டிகை. சிப்பாயின் மனசு சோர்ந்துவிடாமல் மறுநாளும் சுட வைப்பதற்கான ஏற்பாடு.

டிசம்பர் 24 இரவு ஜெர்மானியர்கள் அந்த மரங்களில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பதுங்குகுழியின் மேல்விளிம்பில் வைத்தார்கள். பாட்டு கேட்டது, எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் பாட்டு வந்தது. மறுநாள் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து நடுவிலிருந்த வெற்றுநிலத்தில் கைகுலுக்கினார்கள். பெல்ஜியம், பிரான்ஸ் போர்முனை நெடுக, சுமார் ஒரு லட்சம் பேர் ஏதோ ஒரு வகையில் இதில் கலந்துகொண்டதாகக் கணக்கிடுகிறார்கள். இந்தியப் படையின் 39ஆம் கார்வால் ரைபிள்ஸ் சிப்பாய்களும் அதில் உண்டு. கிறிஸ்துமஸ் அவர்கள் பண்டிகையே அல்ல. அந்தப் புகையிலை கைமாறியது, பொத்தான்கள் கைமாறின. எல்லாவற்றுக்கும் மேலாக, வாரக்கணக்கில் அழுகிக் கிடந்த பிணங்களைச் சேர்ந்து புதைத்தார்கள். ஒரே ஜெபம் இரண்டு மொழிகளில் படிக்கப்பட்டது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. அதே நாளில் சுடப்பட்டுச் செத்தவர்களும் உண்டு. ஆனால் நடந்த இடங்களில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். அரசு அனுப்பிய மரம்தான், அரசு அனுப்பிய புகையிலைதான். அதை உத்தரவில்லாமல் பயன்படுத்தியபோது அர்த்தம் தலைகீழாகிவிட்டது. பொருள் அதேதான், கைதான் மாறியது.

நூறு வருஷம் கழித்து, 2014இல், பிரிட்டனின் செயின்ஸ்பரி பலசரக்கு நிறுவனம் இந்தச் சம்பவத்தை விளம்பரப் படமாக எடுத்தது. அதில் ஒரு கால்பந்து ஆட்டமும் ஒரு சாக்லெட்டும் பிரதானம். அங்கங்கே பந்து உதைத்ததற்குச் சாட்சியம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பிணம் புதைத்த கதை சாக்லெட்டோடு ஒட்டாது இல்லையா?

3

சரி, அப்புறம் என்ன ஆச்சு? சமூகவியலாளர் டோனி ஆஷ்வொர்த் 1980இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டுகிறார். கிறிஸ்துமஸ் அன்று நடந்தது வானத்திலிருந்து குதித்த அற்புதம் அல்ல. சாப்பாட்டு நேரத்தில் சுடாமலிருப்பது, தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைக் குறிவைத்து எதிரியைத் தப்பிக்க விடுவது என்று ஒரு மௌன ஒப்பந்தம் பதுங்குகுழிகளில் ஏற்கெனவே இருந்தது. யுத்தம் முழுக்க ஏதோ ஒரு வடிவில் தொடரவும் செய்தது. பண்டிகை அதை ஒருநாள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது, அவ்வளவுதான். தலைமை அதை உடைக்கக் கண்ட வழி, எதிரிக் குழிக்குள் புகுந்து தாக்கும் திடீர்த் தாக்குதல்களைக் கட்டாயமாக்கியது. கைதியையோ பிணத்தையோ கொண்டுவந்து காட்ட வேண்டும். சும்மா சுட்டதாகக் கணக்கெழுத முடியாது.

1915 கிறிஸ்துமஸுக்கு முன்கூட்டியே கண்டிப்பான உத்தரவுகள் போயின. மீறி ஒரு சிறிய நிறுத்தத்துக்கு இடம் கொடுத்ததற்காக ஸ்காட்ஸ் கார்ட்ஸ் அதிகாரி இயன் கோல்குஹௌன் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அதே டிசம்பரில் பிரெஞ்சுப் பகுதியில் மழை வெள்ளம் பதுங்குகுழிகளை நிரப்ப, இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் வெளியேறி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். லூயி பார்த்தா என்ற பீப்பாய் செய்யும் தொழிலாளி, சோஷலிஸ்ட், இதைத் தன் நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்தார். இந்த இடத்தில் என்றைக்காவது ஒரு நினைவுச்சின்னம் எழும்பாதா என்றும் கேட்டார். நோட்டுகள் 1978இல் அச்சேறின. சின்னம் 2015 டிசம்பரில் திறக்கப்பட்டது, ஜனாதிபதியின் கையால். அனுமதி கிடைக்க நூறு வருஷம்.

4

இதற்கு நேர்மாறான கதைகள். 1972 டிசம்பர் 18 முதல் 29 வரை நிக்ஸன் நிர்வாகம் ஹனோய்மீதும் ஹைபோங்மீதும் பி-52 விமானங்களால் குண்டுமழை பொழிந்தது. கிறிஸ்துமஸுக்காக 36 மணிநேரம் நிறுத்தம். 26ஆம் தேதி மறுபடியும் ஆரம்பம். அன்றிரவு ஹனோயில் காம் தியன் தெரு தரைமட்டமானது. வானத்திலிருந்து கொல்பவனுக்கு எதிராளியின் முகம் தெரியாது, கைகுலுக்க வழியும் இல்லை. அந்த 36 மணிநேரம் யாரையும் மாற்றவில்லை. விமானிக்கு ஓய்வு கிடைத்தது.

2010 டிசம்பரில் கொலம்பிய இராணுவம் ஒரு விளம்பர நிறுவனத்தோடு சேர்ந்து, ஃபார்க் கெரில்லாக்கள் நடமாடும் காட்டுப்பாதைகளில் 9 உயரமான மரங்களை விளக்குகளால் அலங்கரித்தது. ஆள் நெருங்கினால் விளக்கு எரியும்; வீட்டுக்குத் திரும்பி வா என்கிற வாசகம் தெரியும். நூற்றுக்கணக்கானோர் ஆயுதத்தைக் கைவிட்டதாக அரசு சொன்னது. கொல்வதைவிட இது மேல் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் 1914இன் மரமும் இந்த மரமும் ஒன்றல்ல. இங்கே ஒரு பக்கம் மட்டும்தான் கூப்பிடுகிறது, ஒரு பக்கம் மட்டும்தான் ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டும். அதே கொலம்பியாவில் வேறொன்றும் நடந்தது. பேச்சுவார்த்தை தொடங்கிய பின் 2012, 2013, 2014 ஆகிய மூன்று வருஷமும் பண்டிகைக் காலத்தை ஒட்டி ஃபார்க் தன்னிச்சையாகப் போரை நிறுத்தியது. 2014 டிசம்பர் 20இல் தொடங்கிய நிறுத்தத்துக்குக் காலக்கெடுவே வைக்கவில்லை. 2015 மேயில் அது முறிந்து, ஜூலையில் மறுபடி ஒட்டவைக்கப்பட்டு, 2016 நவம்பரில் இறுதி உடன்பாடு கையெழுத்தானது. பண்டிகை ஒரு படிக்கட்டாக மாறியது அப்போதுதான்.

ஈழப் போரிலும் இந்தத் தேதி உண்டு. 2000 டிசம்பர் 24 முதல் விடுதலைப் புலிகள் ஒருதலைப்பட்சமாக யுத்தநிறுத்தம் அறிவித்து மாதாமாதம் நீட்டித்தார்கள். அரசு பதில் தரவில்லை. 2001 ஏப்ரலில் நிறுத்தம் முடிந்த கையோடு இராணுவம் 'அக்னிகீல' நடவடிக்கையைத் தொடங்கியது. அடுத்த வருஷம் அதே டிசம்பர் 24 முதல் என்று மறுபடி அறிவித்தபோது, புதிதாக வந்த அரசு பதிலுக்குத் தானும் நிறுத்தியது. 2002 பிப்ரவரி 22இல் ஒப்பந்தம் வந்தது. தேதி ஒன்றுதான். நடுவில் கட்டுநாயக்கா தாக்குதலும், சரிந்த பொருளாதாரமும், யுத்தத்தால் களைத்துப்போன ஜனங்கள் போட்ட ஓட்டும் இருந்தன. அப்படியானால் பண்டிகை எதைத் தருகிறது? பேரம் பேசாமலே இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த ஒரு தேதியைத் தருகிறது. யாரும் தோற்றதாக ஆகாமல் நிறுத்துவதற்கு ஒரு சாக்கைத் தருகிறது. இதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. 2005இல் மட்டக்களப்பு மரியாள் தேவாலயத்தில், நள்ளிரவுப் பூசையிலேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். தேதி தானாக யாரையும் காப்பாற்றுவதில்லை.

5

தமிழ்நாட்டில் இந்தக் கட்டுரையைப் படிக்கும் தோழர்களுக்கு டிசம்பர் 25 என்றதும் ஞாபகம் வருவது வெண்மணியாகத்தான் இருக்கும். 1968இல் அந்த இரவில் 44 பேர், பெரும்பாலும் தலித் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். கூலி கூடக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததும்தான் குற்றம். 'ஊர் அமைதியா இருக்கணும்' என்பது எப்போதும் மிராசுதார்களின் பேச்சு. கீழே இருப்பவன் வாய் திறக்காமலிருப்பதற்குத்தான் அங்கே அமைதி என்று பெயர். சமாதானம் பேசுகிற எவரும் இந்த அமைதியையும் 1914இன் நிறுத்தத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அங்கே உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுத்துச் சமாதானம் வந்தது. இங்கே கீழ்ப்படிதலையே சமாதானம் என்றார்கள், மறுத்தவர்களை எரித்தார்கள். வெண்மணியில் வருஷாவருஷம் அதே தேதியில் ஜனங்கள் கூடுகிறார்கள். அந்த நாளைக் கொண்டாட்டக்காரர்களிடம் மட்டும் விட்டுவிடாததும் ஒரு சமாதானப் பணிதான்.

6

அப்ப என்னதான் பண்ணலாம்? மூன்று உதாரணங்களோடு முடிக்கலாம்.

ஒன்று, எதிர்ப்பக்கத்துக்குப் பேசுவது. 1914 கிறிஸ்துமஸை ஒட்டி எமிலி ஹாப்ஹவுஸ் ஒரு கடிதம் எழுதினார். போயர் யுத்தத்தில் பிரிட்டன் நடத்திய தடுப்பு முகாம்களை அம்பலப்படுத்தியவர் அவர். ஜெர்மனி, ஆஸ்திரியப் பெண்களுக்கு எழுதப்பட்ட அந்தக் கடிதத்தில் 101 பிரிட்டிஷ் பெண்கள் கையெழுத்திட்டார்கள். இரண்டு மாதத்தில் அங்கிருந்து 155 பெண்களின் பதில் வந்தது. 1915 ஏப்ரலில் ஹேக் நகரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் கூடினார்கள். பிரிட்டனிலிருந்து புறப்படவிருந்த சுமார் 180 பேரில் அநேகமாக எல்லோரையும் அரசு போகவிடாமல் செய்துவிட்டது. அந்தக் கூட்டத்திலிருந்து உருவான பெண்களின் சர்வதேசச் சமாதானச் சங்கம் இன்றும் இயங்குகிறது. பதுங்குகுழிச் சமாதானத்துக்குக் கிடைக்காத மறுநாள் இந்தக் கடிதத்துக்குக் கிடைத்தது. காரணம், இவர்கள் அமைப்பாகத் திரண்டார்கள்.

இரண்டு, குழந்தைகள் கையில் கொடுப்பது. 1979இல் ஸ்வீடனில் நுகர்வோர் வாரியமும் பொம்மை வியாபாரிகளும் பேசி, நவீன யுத்தத்தைச் சித்திரிக்கும் பொம்மைகளை விற்பதில்லை என்று உடன்பட்டார்கள். நல்ல காரியம். அதே ஸ்வீடன் 1986இல் 410 போஃபர்ஸ் பீரங்கிகளை இந்தியாவுக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. நம் வீட்டுப் பொம்மைத் துப்பாக்கியைக் குப்பையில் போடுவது அவசியம்தான். நிஜத் துப்பாக்கிக்கான பட்ஜெட்டைக் கேள்வி கேட்காமல் அங்கேயே நின்றுவிட்டால் அதுவும் அனுமதி பெற்ற சமாதானமாகிவிடும்.

மூன்று, எதிர்ப்பக்கத்துப் பிணத்தையும் நம் பிணமாக எண்ணுவது. 1914இல் சிப்பாய்கள் முதலில் செய்த வேலைகளில் ஒன்று அது. பண்டிகை நாளில் நம் தரப்பில் செத்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதை எந்த அரசும் தடுக்காது, உதவிகூடச் செய்யும். எதிர்த்தரப்பில் செத்தவர்களின் பெயர்களையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள், யார் யாருக்கெல்லாம் கோபம் வருகிறது என்று தெரியும். அந்தக் கோபம் வருகிற இடத்திலிருந்துதான் நம் வேலை தொடங்குகிறது. 25ஆம் தேதி அல்ல, 26ஆம் தேதி.