கொப்புளம் ஆறிவிட்டது... எரிச்சல் ஏன் போகவில்லை?

திருக்கோகர்ணத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு வயது 68. சர்க்கரை உண்டு. ஒருநாள் இடது விலாவில் திடீர் எரிச்சல். வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்தார். ரவிக்கை உரசினாலே துடித்தார். நான்காம் நாள், முதுகில் தொடங்கி மார்பு வரை பட்டையாகக் கொப்புளங்கள்.

"அக்கிதான்க்கா, எழுதிட்டா சரியாப் போயிரும்" என்றார் பக்கத்து வீட்டுப் பெண். எங்கள் பக்கம் அக்கி என்றால் முதலில் தேடுவது மண்பானை செய்யும் வேளார் வீட்டைத்தான். செங்காவியைக் குழைத்துக் கொப்புளங்களின் மேல் பூசி எழுதிவிடுவார்கள். எழுதினார்கள். மூன்று வாரத்தில் கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. எரிச்சல் மட்டும் ஐந்து மாதம் போகவில்லை. மின்விசிறிக் காற்றுகூட ஊசியாகக் குத்துகிறது என்று அழுவார்.

அக்கி தோலில் தெரிந்தாலும் அதன் வேர் நரம்பில் இருக்கிறது. சின்னம்மை வந்துபோன பிறகும் அந்த வைரஸ் உடலைவிட்டுப் போவதில்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் உறங்கும். முதுமையிலோ நோயிலோ எதிர்ப்புச் சக்தி குறையும்போது விழித்து, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வரும். ஒரு பக்கம் மட்டும் பட்டையாக வருவதும், கொப்புளத்துக்கு முன்பே வலிப்பதும் இதனால்தான்.

காவி பூசினாலும் பூசாவிட்டாலும் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் கொப்புளம் ஆறிவிடும். நாம் ஏமாறுவது இங்கேதான். ஏசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளைக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. பெரியம்மா டாக்டரிடம் போனது ஒன்பதாம் நாள். பிறகு வந்த எரிச்சலுக்குச் சாதாரண வலி மாத்திரை கேட்கவில்லை. நரம்பு வலிக்கென்றே உள்ள மாத்திரையில்தான் மெல்லக் குறைந்தது.

நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும், பார்வையே பாதிக்கப்படலாம். கொப்புள நீர் பட்டால், அம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை தொற்றும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் தள்ளியிருக்கட்டும். 50 வயதைக் கடந்தவர்களுக்கு, இரண்டு தவணையாகப் போடும் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. விலைதான் கொஞ்சம் அதிகம்.

காவியைக் குறை சொல்லப் பெரியம்மாவுக்கு மனமில்லை. "பூசினா குளுகுளுன்னு இருந்துச்சே" என்பார். போன மாதம் எதிர்வீட்டுக்காரர் சட்டையைத் தூக்கிக் காட்டி, "வேளார் வீடு எங்கம்மா?" என்று கேட்டார்.

"வழி சொல்றேன் தம்பி. முதல்ல பெரியாஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாங்க."

மறுநாளே மாத்திரை தொடங்கிவிட்டார். வேளார் வீட்டுக்கும் போனாராம்.