அடைக்கோழிக்கு எந்தக் கூரை?

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமோ இயல்பாகவே 41 டிகிரி செல்சியஸை ஒட்டியது. சித்திரை வெயிலில் அது வாயைப் பிளந்து இரைப்பது, தொண்டை ஈரத்தை ஆவியாக்கிச் சூட்டை இறக்கத்தான். மேய்கிற கோழி முருங்கை நிழலுக்கு ஓடிவிடும். 21 நாள் முட்டையை விட்டு அசையாத அடைக்கோழி எங்கே ஓடும்? கொல்லையில் நாலைந்து கோழிக்குக் கூண்டு கட்டுகிறவர்கள் அதை நினைத்துத்தான் கூரை போட வேண்டும்.

தகரம் மலிவு, மழைக்கும் தாங்கும். புதுத் தகரம் பளபளப்பதால் வெயிலைத் திருப்பிவிடும் என்று தோன்றும். பாதிதான் உண்மை. உறிஞ்சிய சூட்டைக் கதிராக வெளியே விடுவதில் துத்தநாகப் பூச்சு மகா கஞ்சன். தகடு கொதிக்கும், அதை ஒட்டிய காற்றும் கொதிக்கும். அதன் மேலேயே சுண்ணாம்பு அடித்துப் பாருங்கள்: வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பும், ஏறிய கொஞ்சநஞ்சச் சூட்டையும் வானத்துக்கு விட்டுவிடும். மழையில் கரைந்துவிடும் என்பதால் மாசிதோறும் புதிதாக அடிக்க வேண்டும்.

தென்னங்கீற்று இன்னும் குளிர்ச்சி. ஓலைகளுக்கு நடுவே சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆனால் அதே இடுக்குகளில் எலியும் செள்ளும் குடியேறும். அடியில் தகரம், மேலே கீற்று என்பதே என் கட்சி. ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம், அறுக்கும்போது பறக்கும் இழை நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். தெர்மாகோலும் வேண்டாம். ஏனோ, அதைக் கொத்தித் தின்பதில் கோழிக்கு அப்படியொரு ஆசை!

பக்கங்களுக்கு, கோழி வலை என்று விற்கும் அறுகோணக் கண் வலை கோழி வெளியே போகாமல் காக்கும், அவ்வளவுதான். நாய் இழுத்தால் பிய்ந்துவிடும். பாம்பு நுழையும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வாங்கி, நாயோ கீரியோ பறித்து வராதபடி அடிப்பக்கத்தை ஓரடி மண்ணில் புதைக்கலாம். கூரையை ஒட்டிய பகுதியைத் திறந்தே விடுங்கள். எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. அந்த நெடி மேலே போக வழி வேண்டும்.

பரணில் கிடக்கும் பழைய பெயின்ட் அடித்த கதவைக் கூண்டுக்கு அறுக்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017இல்தான். உரிந்த பெயின்டைக் கோழி கொத்தினால் அந்த ஈயம் முட்டையின் மஞ்சள் கரு வரை போகும்.