கண்ணிக் கணக்கு

வெள்ளகோவிலில் விசைத்தறி ஓசை கேட்காத தெரு குறைவு. தறியில் நெய்த துண்டு ஒன்றையும், திருப்பூர் பனியன் ஒன்றையும் எடுத்துக் குறுக்கு வாட்டில் இழுத்துப் பாருங்கள். துண்டு அசைந்து கொடுக்காது, பனியன் நீளும். இரண்டும் பருத்தி நூலே. அப்படியானால் இந்த நீட்சி எங்கிருந்து வந்தது?

நூலிலிருந்து அன்று; நூல் வளைந்து கிடக்கும் விதத்திலிருந்து. நெசவில் பாவும் ஊடும் ஏறக்குறைய நேராக ஓடுகின்றன. பின்னலிலோ நூல் கண்ணி கண்ணியாக வளைந்திருக்கிறது. இழுக்கும்போது கண்ணியின் உருவம் மாறுகிறதே தவிர, நூல் அதிகம் நீளுவதில்லை.

கொக்கி ஊசியால் போடும் குரோஷாவும் கண்ணி வேலைதான். நிட்டிங்கில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியில் காத்திருக்கும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான். ஆகவே, நினைத்த இடத்தில் கண்ணியைக் கூட்டலாம், குறைக்கலாம்.

எங்கள் தெருப் பெண்கள் ஆளுக்குச் சில சதுரங்கள் போட்டு, எல்லாவற்றையும் இணைத்து ஒரு போர்வை செய்ய முனைந்தார்கள். சதுரத்துக்கு 40 கண்ணி என்று கணக்குச் சொன்னவன் நான். என் மனைவி போட்டது 40 செ.மீ. வந்தது, எதிர்வீட்டு அக்கா போட்டது 44 செ.மீ. அதே நூல், அதே எண் ஊசி! விரலில் நூலைப் பிடிக்கும் இறுக்கம் ஆளுக்கு ஆள் வேறு. கண்ணிக்கு 1 மி.மீ. கூடினால் 40 கண்ணிக்கு 4 செ.மீ. கூடத்தானே செய்யும்? அளவைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் சொன்னது இயற்பியல் ஆசிரியனுக்கு அழகல்ல. அக்கா சிறிய ஊசிக்கு மாறினார், சதுரங்கள் பொருந்தின.

2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவினர் கின்னஸ் சாதனையாக விரித்த குரோஷா போர்வை 11,148.5 சதுர மீட்டர். நம் கணக்கில் இரண்டே முக்கால் ஏக்கர்! அத்தனை கைகள் போட்டதை ஒன்றாகச் சேர்ப்பது எளிதா என்ன?

இனி, வட்டத்துக்கு வருவோம். 6 கண்ணியில் தொடங்கினால் சுற்றுக்கு 6 கண்ணி கூட்ட வேண்டும் என்பது குரோஷா போடுவோர் கைவழக்கம். ஏன் 6? வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி உயரம் வளர்ந்தால், சுற்றளவு அதைப் போல் 2π மடங்கு, அதாவது 6.28 மடங்கு வளர வேண்டும். கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமமானால், கூட்ட வேண்டியது சுமார் 6. உயரம் இரு மடங்கான கண்ணியானால் 12. பைதாகரசைப் படிக்காத பாட்டிமாரும் இதைக் கையால் கண்டறிந்திருக்கிறார்கள்.

குறைவாகக் கூட்டினால் வட்டம் குவிந்து குல்லாய் ஆகும். அதிகமாகக் கூட்டினால்? விளிம்புக்கு இடம் போதாமல் அலை அலையாக மடியும். பழகாத கையின் பிழை என்று பிரித்துவிடும் இந்த மடிப்பைத்தான், 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித அறிஞர் வேண்டுமென்றே பின்னினார். யூக்ளிடின் இணைகோட்டு விதி செல்லாத அதிபரவளைய வடிவியலைக் கையில் பிடித்துக் காட்ட அது உதவிற்று. பவளத்திட்டுகளிலும் இத்தகைய மடிப்புகள் உண்டு. 2005இல் மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்ற இரட்டைச் சகோதரிகள் தொடங்கிய குரோஷா பவளத்திட்டுக்குப் பல நாட்டுப் பெண்கள் தம் கைவேலையை அளித்தார்கள்.

நீங்களும் செய்து பார்க்கலாம். 6 கண்ணியில் தொடங்கி, ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டாகப் போட்டு வாருங்கள். ஆறாவது சுற்றில் தட்டையான வட்டத்துக்கு வேண்டியது 36 கண்ணி. உங்கள் கையில் இருப்பதோ 192. நூல் மட்டும் தாராளமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.