நின்ற இருதயமும் பழகிய கையும்

மாரடைப்பு என்னும் சொல் நம் சங்க அங்கத்தினர்களின் இல்லங்களிலும் இன்று அடிக்கடி கேட்கப்படுகிறது. ஆயினும் மாரடைப்பு வேறு, இருதயம் திடீரென நின்றுபோதல் வேறு என்பதைப் பலர் அறியார். இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. அதனால் சில வேளைகளில் துடிப்பின் ஒழுங்கு குலைந்து, இருதயம் வெறுமனே நடுங்கத் தொடங்கும். இரத்த ஓட்டம் நின்றுவிடும். நான்கைந்து நிமிஷங்களில் மூளை பழுதடையத் தொடங்கும். அந்த நிமிஷங்களில் அருகில் இருப்பவர் என்ன செய்ய அறிந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தே உயிர் நிற்கிறது.

1960-க்கு முன் இதற்குப் பெரும்பாலும் கையாளப்பட்ட வழி, மார்பை அறுத்துத் திறந்து இருதயத்தைக் கையால் பிசைவதே. அது அறுவை வைத்தியர் ஒருவருக்கே இயலும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும் 1960-ல் புதிய முறையொன்றை வெளியிட்டனர். மார்பைத் திறவாமலே, மார்பெலும்பின்மீது இரு கைகளாலும் தாளகதியுடன் அழுத்தினால் இரத்தம் ஓடும் என்று காட்டினர். அவர்கள் குறிப்பிட்ட 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்தனர். மூவரில் மூத்தவரான கௌவன்ஹோவன் ஒரு மின்பொறியியலாளர் என்பது கவனிக்கத்தக்கது.

முறை கிடைத்தது; ஆனால் அதைக் கையாளுவோர் யார்? மருத்துவமனையிலும் வைத்தியர் எப்பொழுதும் கட்டிலருகே நிற்பதில்லை. அவரை அழைத்துவருவதற்குள் காலம் கடந்துவிடும். இரவும் பகலும் உடனிருப்பவர் செவிலியரே. இதை உணர்ந்து, டெஸ்மண்ட் ஜூலியன் என்ற பிரிட்டிஷ் வைத்தியர், மாரடைப்பு நோயாளிகளை ஒரே விடுதியில் வைத்துப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு கண்காணிக்க வேண்டும் என்று 1961-ல் எழுதினார். பிலடெல்பியாவில் லாரன்ஸ் மெல்ட்ஸர் என்ற வைத்தியரும் ரோஸ் பின்னியோ என்ற செவிலியரும் சேர்ந்து இதனை ஆராய்ந்தனர். துடிப்பின் வரைபடத்தைப் படித்தறியவும், வைத்தியர் வருமுன்னரே மின்னதிர்ச்சி கொடுத்து இருதயத்தை ஒழுங்குபடுத்தவும் செவிலியருக்குக் கற்பித்தனர். அவர்களுடைய கைநூல் 1965-ல் வெளிவந்தது. அதுகாறும் வைத்தியருக்கே உரியது எனக் கருதப்பட்ட பொறுப்பு, பயிற்சியின் வலிமையால் செவிலியர் கைக்கு வந்தது. இத்தகைய விடுதிகள் பரவியபின், மருத்துவமனையில் நேரும் மாரடைப்பு மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

பின்வந்த ஆராய்ச்சிகள் மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்தின. ஒருமுறை நன்கு பயின்ற செவிலியரிடத்தும், சில மாதங்களுக்குள்ளேயே அழுத்தத்தின் ஆழமும் வேகமும் தளர்ந்துவிடுகின்றன. நற்சான்றுப் பத்திரம் பெட்டியில் இருக்கும். திறமை கையைவிட்டு நீங்கியிருக்கும். நெடுநாள் தறியில் அமராத கையை நெசவாளர் அறிவர். ஆதலால் ஆண்டுக்கொருமுறை நீண்ட வகுப்பு நடத்துவதைவிட, சில மாதங்களுக்கு ஒருமுறை சிறிது நேரம் பொம்மையின்மீது பழகுவது நலம் என்ற கருத்து வலுப்பெற்றுள்ளது.

இக்கலை செவிலியரோடு நின்றுவிட வேண்டியதில்லை. வயதுவந்த ஒருவர் நினைவிழந்து, மூச்சு இயல்பாக இல்லாதிருந்தால், உடனே 108-க்குத் தகவல் கொடுக்கச் செய்க. அவரைக் கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின்மேல் மறுகையை வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துக. ஒவ்வொரு அழுத்தத்திற்குப் பின்னும் மார்பு முழுவதும் மேலெழ விடுக. உதவி வரும்வரை நிறுத்தற்க.

இதைப் படித்தறிவது போதாது, கை பழகவேண்டும். பொதுக்குழு கூடும் நாளில், அருகிலுள்ள மருத்துவமனைச் செவிலியர் ஒருவரை அழைத்து ஒரு மணி நேரப் பயிற்சி பெறுவது எந்தச் சங்கத்துக்கும் இயலாத காரியமன்று. அடுத்த கூட்டத்தில் அதை மீண்டும் செய்வதே முக்கியம் என்பதை நிர்வாகிகள் நினைவிற்கொள்வார்களாக.