சம்பளமில்லாத உத்தியோகம்

மாத முடிவிற் சம்பளம் வாங்கிப் பழகிய என்போன்ற ஆசிரியர்க்கு இது புதுமையான செய்தி. 1960ஆம் ஆண்டில் லோரன் கன்னிங்ஹாம் என்னும் அமெரிக்கர் தொடங்கிய ‘யூத் வித் எ மிஷன்’ என்ற கிறிஸ்தவ இளைஞர் இயக்கத்தின் பயிற்சி நிலையங்களிலே பணிபுரிவோர்க்குப் பொதுவாகச் சம்பளம் கிடையாது. ஹவாய்த் தீவின் கோனாவில் உள்ள பெரிய நிலையத்திலும் இதுவே வழக்கம்.

மாணவர் ஏறத்தாழ மூன்று மாதம் வகுப்பிலிருந்து, பின்னர் இரண்டு மூன்று மாதம் வெளியிடங்களிற் சேவை செய்வர். அவர்களுக்குப் போதிப்பவர் மாத்திரமல்லர். சமைப்பவர், கணக்கெழுதுபவர், கட்டடஞ் செப்பனிடுபவர் யாவரும் அங்கே ஊழியரே. நண்பருக்கும் திருச்சபையாருக்கும் கடிதம் எழுதி, மாதந்தோறும் வரும் உதவிப் பணத்திலேயே சீவிக்கின்றனர். தங்கும் அறைக்கும் உணவுக்கும் அவர்களே பணம் செலுத்துவதும் உண்டு!

கைநீட்டுவது இழிவென்று கேட்டு வளர்ந்த நமக்கு இது கூச்சந்தரும். கொடுப்போரும் தம் பணியிற் பங்காளிகளே என்பது அவர்கள் கொள்கை. அதை நான் மதிக்கிறேன். ஆயினும் ஒரு குறை என் மனத்தை உறுத்துகின்றது. செல்வ நாட்டு இளைஞனுக்குக் கைகொடுக்கப் பலர் இருப்பர். வறிய நாட்டிலிருந்து வந்தவன் யாருக்கு எழுதுவான்? உழைப்பு இருவர்க்கும் ஒன்றே. கடிதத்துக்குப் பதில் வராவிடின், எத்துணைத் திறமையாளனாயினும் அவன் ஊர் திரும்ப வேண்டியதுதான்.