படிப்புக்கு என்ன விலை?

சென்ற வருஷம் வைகாசி மாதத்தில் ஒரு நாள் மாலை, என்னிடம் படித்த பையன் ஒருவனுடைய தகப்பனார் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். முகத்திலே சொல்ல முடியாத சந்தோஷம்.

"ஸார்! பையனுக்கு இஞ்சினீயரிங் காலேஜில் இடம் வாங்கிவிட்டேன். முதல் வருஷத்துப் பணமும் கட்டியாகிவிட்டது" என்றார்.

"கலந்தாய்வுக்கு மனுப் போட்டீர்களா?" என்று கேட்டேன்.

"அதற்காக எதற்கு ஸார் காத்திருக்க வேண்டும்? காலேஜ் மனிதர் ஒருவர் வீட்டுக்கே வந்து, நேராகச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் பணம் புரட்டினேன்."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. பையன் ஆறாம் வகுப்பிலிருந்து சர்க்கார் பள்ளியில் படித்தவன். அந்தக் குடும்பத்தில் பட்டதாரி என்று ஒருவர் இதுவரை பிறக்கவில்லை. மதிப்பெண்ணும் மோசமில்லை. இன்னும் சில வாரம் பொறுத்திருந்தால், பத்திரம் பெட்டியை விட்டு வெளியே வந்திருக்க வேண்டிய அவசியமே இராது. இதில் குற்றம் அவருடையதல்ல. அந்தப் பையனுக்கு இரண்டு வருஷம் கணிதம் சொல்லிக் கொடுத்தவன் நான். இந்த ஒரு கணக்கை மட்டும் சொல்லிக் கொடுக்கத் தவறிவிட்டேன். அந்தக் கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

கலாசாலைப் படிப்புக்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்காத வீடு இன்று தமிழ்நாட்டில் இல்லை. முன்னெல்லாம் இடம் கிடைப்பதுதான் கஷ்டம். கிடைத்துவிட்டால் சம்பளம் சொற்பம். 1984-ஆம் வருஷத்தில் சுயநிதி இஞ்சினீயரிங் கலாசாலைகளுக்குத் தமிழ்நாட்டில் கதவு திறக்கப்பட்டது. அதன் பிறகு நிலைமை தலைகீழாயிற்று. இடங்கள் பெருகின, செலவு குடும்பத்தின் தலைமேல் ஏறியது. நன்கொடை என்ற பெயரில் பணம் பிடுங்குவதைத் தடுக்க 1992-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. தனியார் கலாசாலைகள் நியாயமான கட்டணம் வாங்கலாம், ஆனால் கல்வியை லாப வியாபாரமாக்கக் கூடாது என்று 2002-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அடுத்த வருஷமே, கட்டணத்தைப் பரிசீலிக்க ஓய்வு பெற்ற நீதிபதியின் தலைமையில் மாநிலந்தோறும் கமிட்டி அமைக்கும்படி உத்தரவும் பிறந்தது.

அப்படி அமைந்த கமிட்டி 2017-இல் தமிழ்நாட்டில் நிர்ணயித்த தொகைகளைப் பாருங்கள். கலந்தாய்வு மூலம் வருகிறவனுக்கு வருஷத்துக்கு 50,000 ரூபாய். தரச்சான்று பெற்ற படிப்பானால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டில் சேருகிறவனுக்கோ 85,000. தரச்சான்று பெற்ற படிப்பானால் 87,000. கலாசாலை ஒன்றே, வாத்தியார் ஒருவரே, பெஞ்சியும் ஒன்றே. நுழைந்த வாசல்தான் வேறு!

வித்தியாசம் இந்த முப்பத்தைந்தாயிரத்தோடு நின்றுவிட்டால் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சர்க்கார் தரும் சகாயங்களில் முக்கியமானவை கலந்தாய்வு வாசலில்தான் காத்திருக்கின்றன. வீட்டில் முதன் முதலாகப் பட்டம் படிக்க வருகிறவனுக்குக் கட்டணச் சலுகை 2010-இல் ஏற்பட்டது. அது கலந்தாய்வில் வருகிறவனுக்கே உரியது. 2021-இல் சர்க்கார் பள்ளி மாணவர்களுக்காகத் தொழிற்படிப்புகளில் ஏழரை சதவிகித இடம் ஒதுக்கிச் சட்டம் செய்தார்கள். அந்த ஒதுக்கீட்டில் இடம் பெற்றவருடைய கல்விக் கட்டணம், விடுதிச் செலவு எல்லாவற்றையும் சர்க்காரே ஏற்பதாகவும் அறிவித்தார்கள். பக்கத்து வாசலில் அவசரப்பட்டு நுழைந்தவனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. என் நண்பர் அடகு வைத்தது வீட்டுப் பத்திரத்தை மட்டுமல்ல. மகனுக்கு உரிமையாயிருந்த உபகாரச் சம்பளத்தையும் சேர்த்தே அடகு வைத்துவிட்டார்.

உபகாரச் சம்பளம் என்பது பிச்சையல்ல. அது தேசம் தன் பிள்ளைகளின் மீது போடும் முதல். சென்னைத் துறைமுக ஆபீஸில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனுக்கு, 1913-இல் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் கொடுத்து, கணிதத்தைக் கவனி என்று சொல்லிற்று. அந்த எழுபத்தைந்து ரூபாய்க்கு உலகம் இன்னும் வட்டி பெற்றுக்கொண்டிருக்கிறது. அதே ராமானுஜன், சில வருஷங்களுக்கு முன் கும்பகோணம் கலாசாலையில் மற்றப் பாடங்களில் தவறியதால் உபகாரச் சம்பளத்தை இழந்து தவித்தவர் என்பதையும் மறக்கக் கூடாது.

தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்காக 1944-இல், வெள்ளைக்காரர் ஆட்சி இருந்தபோதே, மெட்ரிக்குலேஷனுக்கு மேற்பட்ட படிப்புக்கு உபகாரச் சம்பளத் திட்டம் துவங்கியது. எண்பது வருஷம் தாண்டியும் அது நடந்து வருகிறது. பெண்களுக்கு 2022-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி புதுமைப் பெண் திட்டம் துவங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியில் படித்த பெண் உயர் கல்வியில் சேர்ந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் பெயருக்கே பாங்கியில் விழும் என்பது ஏற்பாடு. 2024 ஆகஸ்டில் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் அதே தொகை ஏற்பட்டது. ஆயிரம் ரூபாய் பெரிய தொகையா என்று சிலர் சிரிக்கிறார்கள். தினமும் பஸ்ஸில் போய்வரும் பெண்ணின் தாயாரைக் கேட்டால் அவர் சிரிக்க மாட்டார்.

இனிக் கடனைப் பற்றி ஒரு வார்த்தை. பாங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் 2001-இல் வந்தது. நாலு லட்சம் வரை ஜாமீன் சொத்துக் கேட்பதில்லை என்பது அதன் பெரிய குணம். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம் என்றும் சொல்வார்கள். ஆனால் தவணைக்குத்தான் விடுமுறை, வட்டிக்கு அல்ல! வருஷம் ஒரு லட்சமாக நாலு வருஷம் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டி நூற்றுக்குப் பத்து. முதல் லட்சத்துக்கு ஐந்து வருஷம், அடுத்ததற்கு நாலு, பிறகு மூன்று, இரண்டு. தனி வட்டியே 1,40,000 ரூபாய் ஆகிவிடும். பையன் முதல் தவணை கட்ட உட்காரும்போது கடன் நாலு லட்சமல்ல. ஐந்து லட்சத்து நாற்பதினாயிரம்.

குடும்ப வருமானம் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்கு உட்பட்டிருந்தால், தொழிற்படிப்புக்கான இந்த இடைக்கால வட்டியை மத்திய சர்க்காரே கொடுக்கும் திட்டம் 2009-இல் ஏற்பட்டது. அதற்குக் கலாசாலையோ படிப்போ தரச்சான்று பெற்றிருக்க வேண்டும் என்று பின்னால் ஒரு நிபந்தனையும் சேர்ந்தது. ஆகவே, பாங்கிக்குப் போகுமுன் கலாசாலையின் சான்றைப் பார்ப்பது அவசியம்.

சகாயம் இருந்தால் மட்டும் போதாது. அது நேரத்தில் வந்து சேர வேண்டும். 2024-இல் வடக்கே முஜாபர்நகர் ஜில்லாவைச் சேர்ந்த தினக்கூலிக்காரர் ஒருவரின் மகனுக்குத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. இடத்தை உறுதி செய்யக் கட்ட வேண்டியது 17,500 ரூபாய். குடும்பம் ஓடியாடிப் பணத்தைச் சேர்ப்பதற்குள் கடைசி நேரம் தாண்டிவிட்டது, இடம் போயிற்று. பையன் சுப்ரீம் கோர்ட்டு வரை ஏறினான். அவனைச் சேர்த்துக்கொள்ளும்படி செப்டம்பர் 30-ஆம் தேதி நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். இத்தனைக்கும், தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு ஐ.ஐ.டி.களில் கல்விக் கட்டணமே கிடையாது என்று 2016-இலேயே விதி செய்திருக்கிறார்கள். பெரிய கட்டணத்தைத் தள்ளிவிட்டார்கள். சிறிய கட்டணம் வாசற்படியில் நின்று வழி மறித்தது. அவன் கோர்ட்டுக்குப் போனான். போகத் தெரியாதவர்கள் எத்தனை பேரோ!

இதிலிருந்து நம் வீடுகள் கற்க வேண்டியது என்ன? பரீட்சை முடிவு வரும் வரையில் காத்திராமல், தை மாதத்திலேயே முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று, ஜாதிச் சான்று ஆகியவற்றை வாங்கிப் பெட்டியில் வைக்க வேண்டும். கலந்தாய்வு முடியும் வரையில் எவரிடமும் பணமோ அசல் சான்றிதழோ கொடுக்கக் கூடாது. கலாசாலைக்காரர் சொல்லும் தொகையோடு விடுதி, பஸ், புஸ்தகம், பரீட்சைக் கட்டணம் யாவற்றையும் கூட்டி, நாலு வருஷத்தால் பெருக்கி, நிச்சயமாகக் கிடைக்கும் சகாயத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். மிச்சம் நிற்கும் தொகைதான் படிப்பின் உண்மையான விலை. கடன் வாங்குவதா வேண்டாமா என்று அதைக் கண்ட பிறகு யோசிக்கலாம்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்திருந்தேன். கரும்பலகையில் மேலே சொன்ன கணக்கைப் போட்டேன். நாற்பது பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். பதினேழு பேர்தான் வந்தார்கள். கடைசி பெஞ்சியில் அந்தத் தகப்பனார் உட்கார்ந்திருந்தார். அவருடைய பையன் இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறான். பத்திரம் இன்னும் மீளவில்லை.

"உங்களுக்கு இது எதற்கு?" என்று கேட்டேன்.

"அடுத்த தெருப் பெண் ஒன்று இந்த வருஷம் எழுதுகிறது, ஸார். அதன் தகப்பனாருக்கு வேலையிலிருந்து வர முடியவில்லை. நான் கேட்டுப் போய்ச் சொல்லலாமென்று வந்தேன்" என்றார்.

பலகையிலிருந்த கணக்கை அவர் ஒரு காகிதத்தில் எழுதி முடிக்கும் வரையில் நான் அதை அழிக்கவில்லை.